ஆடும் கண்ணாடி: கேள்வி - பதில்

கேள்வி: முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு துண்டை அறுத்து, கண்ணாடியை ஆட்டிக் கிரணத்தை வீசும் லேசர் ஸ்கேனரில் ஒட்டிவிட்டால் என்ன?

பதில்: ஒரு கிரணத்தை அனுப்பினால் இரண்டாகத் திருப்பித் தரும். வீட்டுக் கண்ணாடிக்கு ரசம் பூசியிருப்பது பின்புறத்தில். ஆகையால் விழுகின்ற ஒளியில் சுமார் 4 சதவீதம் முன்முகத்திலேயே பிரதிபலித்துவிட, எஞ்சியது கண்ணாடியின் கனத்தை இருமுறை கடந்து, சற்று விலகி வெளிவருகிறது. முகம் பார்ப்பவருக்கு இதனால் நஷ்டமில்லை. சுவரில் ஒளிச் சித்திரம் தீட்டும் லேசருக்கோ ஒவ்வொரு ரேகைக்கும் அழையாத துணை ரேகை வந்து சேரும். பூச்சு முன்முகத்தில் அமைந்த கண்ணாடியே ஸ்கேனருக்கு உகந்தது.

கேள்வி: பூச்சுகளில் தங்கம்தானே உத்தமம்?

பதில்: கிரணத்தின் நிறத்தைச் சொல்லுங்கள், பூச்சைச் சொல்கிறேன். 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள கார்பன் டையாக்சைடு லேசருக்குத் தங்கம் சிரேஷ்டமானது. அதே தங்கம் நீல ஒளியில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். அலுமினியம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறத்தாழ 90 சதவீதம் திருப்பும். வெள்ளி அதனினும் மேல், ஆயினும் காப்புப் பூச்சின்றிக் கறுத்துப்போகும். மின்கடத்தாப் பொருள்களை அடுக்கடுக்காய்ப் படியவைத்த பூச்சு 99 சதவீதத்தையும் தாண்டுமெனினும், அது தனக்கென வகுத்த அலைநீளத்திலும் கோணத்திலுமே அந்தச் சிறப்பைக் காட்டுமாதலால், கண்ணாடி ஆடும் கோணம் முழுவதற்கும் உத்தரவாதம் உண்டா என்று விற்பவரிடம் கேட்பது அவசியம். 100 வாட் கிரணத்தில் 2 சதவீதம் தங்கினாலும், அந்தச் சிறு தகட்டில் 2 வாட் உஷ்ணம் இடைவிடாது ஏறும்.

கேள்வி: பெரிய கண்ணாடியாகப் போட்டுவிட்டால் கிரணம் ஓரத்தில் தப்பாதே?

பதில்: கிரணம் தப்பாது, வேகம் தப்பிவிடும். நீளம், அகலம், கனம் மூன்றையும் இருமடங்காக்கினால், சுழற்சியை எதிர்க்கும் சடத்துவம் 32 மடங்காகிறது. கண்ணாடியை ஆட்டும் கால்வோ மோட்டார் அத்தனையையும் விநாடிக்குப் பலநூறு முறை நிறுத்தித் திருப்பியாக வேண்டும். 45 பாகையில் சாய்ந்த கண்ணாடிக்கு, 10 மில்லிமீட்டர் கிரணத்தை ஏற்க 14 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலமும், அதன்மேல் ஆட்டத்துக்கு வேண்டிய இடமும் போதும். கிரணம் அடுத்தடுத்துப் படும் இரண்டு கண்ணாடிகள் இருந்தால், முதற் கண்ணாடி சிறிதாயிருக்கலாம்; அது வீசும் கிரணம் பக்கவாட்டில் ஓடுமாதலால், அதைப் பிடிக்கும் இரண்டாவது நீண்டிருக்க வேண்டும்.

கேள்வி: பாரம்தான் குற்றமென்றால் தகட்டை மெல்லியதாகச் சீவிவிடலாமே?

பதில்: மெலிந்த தகடு திரும்பும் வேகத்தில் வில்லாய் வளையும், வளைந்த கண்ணாடி கிரணத்தின் குவியத்தைக் கலைக்கும். இலேசும் விறைப்பும் ஒருங்கே அமைந்த பொருளைத் தேடியே கண்ணாடியிலிருந்து சிலிக்கனுக்கும், சிலிக்கன் கார்பைடுக்கும், பெரிலியத்துக்கும் போனார்கள். பெரிலியம் அலுமினியத்தைவிட இலேசானது. விறைப்பிலோ நான்கு மடங்கு. ஆனால் அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. ஆகவே அதை அரத்தால் தேய்க்க ஒருநாளும் துணியாதீர்கள்.

கேள்வி: இந்த ஆட்டம் லேசரோடு பிறந்ததா?

பதில்: லேசர் பிறந்தது 1960இல். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1858இல், அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பியில் வந்த மிக நலிந்த மின்னோட்டத்தை, பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தாம்சன், காந்தத்தில் ஒட்டிய சிறு கண்ணாடியின் அசைவால் படித்துவிட்டார். கண்ணாடி 1 பாகை திரும்பினால் ஒளி 2 பாகை திரும்புமென்ற நியதி அன்று அவருக்கு உதவியது. இன்று ஸ்கேனருக்கும் உதவுகிறது. ஆனால் கண்ணாடியின் பிழையும் அவ்வாறே இரட்டிக்கும்.

கேள்வி: முடிவாக, எதை வாங்க?

பதில்: அலைநீளம், சக்தி, கிரணத்தின் விட்டம், ஆடும் கோணம், வேகம் ஆகிய ஐந்தையும் இதே வரிசையில் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். முதலிரண்டும் பூச்சைத் தீர்மானிக்கும். அடுத்த இரண்டும் அளவைத் தீர்மானிக்கும். வேகமோ தகட்டின் பொருளைத் தீர்மானிக்கும். விலையை அதன்பிறகு விசாரியுங்கள்.