இடி வாங்குவதா, மின்னல் வாங்குவதா?

காலம்: 2024 டிசம்பர். இடம்: அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரின் டாட்ஜ் டீலர் முற்றம். ஒரு மூலையில் 2023 மாடல் சாலஞ்சர் ஸ்காட் பேக் நிற்கிறது. 6.4 லிட்டர் ஹெமி வி8 இன்ஜின், 485 குதிரைத்திறன். போன வருடமே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். வெயிலிலும் பனியிலும் நின்று சலித்துப்போய், கண்ணாடியில் தள்ளுபடியை எழுதிக்கொண்டு உங்களைப் பார்க்கிறது. எதிரே லாரியிலிருந்து இப்போதுதான் இறங்கிய சார்ஜர் டேடோனா ஸ்காட் பேக். பெட்ரோலே கிடையாது, மின்சாரம்தான். 670 குதிரைத்திறன், விலை 73,000 டாலருக்கு மேல்.

எதை எடுப்பது? கவலை வேண்டாம், சொல்லித் தருகிறேன். இவற்றில் பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். நான் வரிசைப்படுத்தித் தருகிறேன், அவ்வளவுதான்.

1. முடிவை முதலில் எடுங்கள்

காரணங்களைப் பிறகு தேடிக்கொள்ளலாம். பதினாறு வயதில் எந்தக் காரின் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தீர்களோ அதுதான் முடிவு. அதற்குப் பிறகு செய்வதெல்லாம் ஆராய்ச்சி என்ற பெயரில் நடக்கும் வக்காலத்து. ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, பிடித்த காருக்குப் பதினொரு சாதகங்களும் மற்றதற்கு இரண்டும் எழுதுங்கள். அந்த இரண்டில் ஒன்று ‘நிறம் நன்றாக இருக்கிறது’ என்பதாக இருக்கட்டும். நடுநிலை முக்கியம்.

2. தள்ளுபடியைப் பாருங்கள், விலையைப் பார்க்காதீர்கள்

ஆடித் தள்ளுபடியில் தேவையில்லாத பட்டுப்புடவையை எடுத்து, மிச்சம் பிடித்த கணக்கை வீட்டில் சொன்ன பரம்பரை நம்முடையது. அந்தத் திறமை இங்கே அப்படியே உதவும். ‘6,000 டாலர் குறைத்துத் தருகிறேன்’ என்று டீலர் சொன்னால், எதிலிருந்து குறைத்தார் என்று கேட்காதீர்கள்.

அமெரிக்காவில் ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் கம்பெனி நிர்ணயித்த விலைப்பட்டியலை ஒட்டியே ஆக வேண்டும். 1958-ல் வந்த சட்டம். அதைக் கொண்டுவந்த செனட்டரின் பெயரால் அந்தத் தாளுக்கே மன்ரோனி என்று பெயர். அதன் பக்கத்தில் டீலர் தன் செலவில் இன்னொரு சின்னத் தாளை ஒட்டியிருப்பார். டயரில் நைட்ரஜன், கண்ணாடியில் கார் நம்பர் பொறித்தது, பெயின்ட் பாதுகாப்பு, ‘சந்தை நிலவரத் திருத்தம்’ என்று அதில் வரிசையாக இருக்கும். கடைசியாகச் சொன்னதற்கு அர்த்தம், ‘கிராக்கி இருந்தது, ஏற்றினோம்.’ முதலில் ஏற்றியதைத்தான் இப்போது இறக்குகிறார். நீங்கள் இரண்டாவது தாளின் மொத்தத்திலிருந்து கழித்து மகிழுங்கள்.

இன்னொரு விஷயம் உண்டு. முற்றத்தில் நிற்கும் கார்களைப் பெரும்பாலும் டீலர் கடனில்தான் வாங்கி வைத்திருப்பார். கார் நிற்கும் ஒவ்வொரு நாளும் வட்டி ஓடும். அந்தப் பழைய சாலஞ்சர் அவருக்குத் தினமும் கடிக்கும் செருப்பு. பேரம் பேச இதைவிட நல்ல பிடி கிடைக்காது. ஆகவே அதைப் பற்றி வாயே திறக்காதீர்கள். அவர் கொடுத்த காபி ஆறிப்போகும்.

3. ‘கடைசி’ என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணீர் விடுங்கள்

2023 மாடல் சாலஞ்சரின் பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒரு தகடு இருக்கும். ‘லாஸ்ட் கால்’ என்று எழுதியிருக்கும். மதுக்கடை மூடுமுன் ‘கடைசி ரவுண்டு’ என்று குரல் கொடுப்பார்களே, அது. அந்தக் குரலைக் கேட்டவன் தாகமா என்று யோசிப்பதில்லை, இரண்டாக ஆர்டர் செய்வான்.

தகடு குறிப்பிட்ட சில கார்களில் மட்டும் இல்லை, அந்த வருட மாடல் முழுவதிலும் உண்டு. ஆயிரக்கணக்கில் செய்த அபூர்வம்! கனடாவின் பிராம்ப்டன் ஆலையில் கடைசி சாலஞ்சர் 2023 டிசம்பரில் இறங்கியது. அதற்கு அடுத்த வருடம் முழுக்க டீலர்கள் புத்தம்புதிய சாலஞ்சர்களை விற்றுக்கொண்டே இருந்தார்கள். கடைசிப் பந்தி என்று சொன்னபிறகு ஒரு வருடம் இலை போட்ட விருந்து இது. இதையெல்லாம் நினைத்துப் பார்க்காதீர்கள். ‘பிற்காலத்தில் இதன் விலை ஏறும்’ என்று மனைவியிடம் சொல்லுங்கள். அவர் ‘அப்படியென்றால் ஓட்டாமல் வைத்திருப்பீர்களா?’ என்று கேட்பார். பேச்சை மாற்றுங்கள்.

4. கதவைத் திறந்தாலும் தூணைப் பார்க்காதீர்கள்

ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் கார் எந்த மாதம், எந்த வருடம் தயாரானது என்று ஒட்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் டயர் பிறந்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். பதினெட்டு மாதம் நகராமல் நின்ற காரின் பேட்டரியும் டயரும் என்ன பாடுபட்டிருக்கும் என்று கேட்பது நாகரிகமில்லை. ‘இது டெமோ காராக ஓடியதா, வாரன்டி என்றைக்கு ஆரம்பித்தது?’ என்பது அதைவிட அநாகரிகம்.

5. புதியதை வெறுப்பதற்காகவே ஓட்டிப் பாருங்கள்

இந்தப் படிதான் உயிர். பொறுமையாகச் செய்ய வேண்டும்.

முதலில் சத்தம். மின்கார் சத்தம் போடாது. ஆனால் சாலஞ்சர் போன்ற மசில் காரை வாங்குகிறவன் பாதிப் பணத்தைக் காதுக்காகத்தான் கொடுக்கிறான் என்பது கம்பெனிக்குத் தெரியும். அதனால் டேடோனாவின் பின்னால் ஸ்பீக்கரும் அறைகளும் வைத்து ஒரு பொய்ச் சைலன்சரைக் கட்டினார்கள். பழைய சார்ஜர், சாலஞ்சரின் அதிசக்தி வகையான ஹெல்கேட்டுக்கு இணையாக 126 டெசிபல் என்று அறிவித்தார்கள். சைலன்சர் என்பது சத்தத்தை அடக்க வந்த சாதனம் என்பதை இந்த இடத்தில் ஒரு நிமிடம் நினைவுகூர்வோம். அதன் பெயர் ஃபிராட்சோனிக். 1962-லிருந்து டாட்ஜ் கார்களில் இருந்த முக்கோணச் சின்னத்துக்கு ஃபிராட்சாக் என்று பெயர்; அர்த்தமே இல்லாத சொல், சும்மா வைத்தது. அர்த்தமில்லாத சொல்லிலிருந்து இல்லாத சத்தத்துக்குப் பெயர் எடுத்திருக்கிறார்கள். இயற்கையில் மின்னலுக்குப் பின்னால் இடி தானாக வரும். இங்கே அதை ஸ்பீக்கரில் வரவழைக்க வேண்டியிருக்கிறது.

‘போலி!’ என்று முழங்குங்கள். உங்கள் போனில் கேமராவை அழுத்தும்போது வரும் ஷட்டர் சத்தமும் அதே ஜாதிதான் என்று யாராவது சொன்னால், அவரை அடுத்த முறை அழைத்துச் செல்லாதீர்கள்.

அடுத்தது எடை. டேடோனா ஏறக்குறைய 2,650 கிலோ. சாலஞ்சரைவிட எழுநூறு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. அதாவது உள்ளே ஒரு மாருதி 800-ஐ மடித்து வைத்தது போல. இதை எல்லோரிடமும் சொல்லுங்கள். ஆனால் அந்த எடையோடும் அது மணிக்கு 60 மைல் வேகத்தை 3.3 விநாடியில் தொடுகிறது, நான்கு சக்கரமும் இழுப்பதால் பனியில் தடுமாறாது, பின்கதவு முழுசாகத் திறப்பதால் சைக்கிளே உள்ளே போகும் என்பதை மட்டும் ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய காரைப் பற்றியும் ரகசியங்கள் உண்டு. சாலஞ்சரின் இந்த உடம்பு 2008-ல் சந்தைக்கு வந்தது. எலும்புக்கூட்டின் பரம்பரை பென்ஸ் கம்பெனியான டைம்லரும் டாட்ஜின் தாய் கம்பெனியான கிறைஸ்லரும் ஒரே குடித்தனமாக இருந்த காலத்துக்குப் போகும். இதை ‘பதினைந்து வருடப் பழசு’ என்று சொல்லக்கூடாது. ‘அடியில் பென்ஸ் ரத்தம்’ என்று சொல்ல வேண்டும்.

6. மொத்தத்தைக் கேட்காதீர்கள், மாதத் தவணையைக் கேளுங்கள்

நம்மூரில் ஆன்ரோடு விலை என்போமே, அதை அங்கே ‘அவுட் த டோர்’ என்பார்கள். வரி, பதிவு, பத்திரக் கட்டணம், நைட்ரஜன் எல்லாம் சேர்த்து சாவி கைக்கு வரும் விலை. அந்த ஒரு எண்ணை எழுத்தில் வாங்கி நான்கு டீலர்களிடம் காட்டினால் வேலை ஒரே மதியத்தில் முடிந்துவிடும். பிறகு சனிக்கிழமைகளில் என்ன செய்வீர்கள்?

டீலர், ‘மாதம் எவ்வளவு முடியும்?’ என்று கேட்பார். உடனே உண்மையைச் சொல்லிவிடுங்கள். அவர் தாளை நான்காக மடித்து, பழைய காரின் விலை, முன்பணம், புதுக் காரின் விலை, தவணை என்று கட்டம் போடுவார். ஒரு கட்டத்தில் உங்களுக்கு விட்டுக்கொடுத்ததை அடுத்த கட்டத்தில் எடுத்துக்கொள்வார். பல்லாங்குழி தெரிந்தவர்கள் ரசித்துப் பார்க்கலாம்.

ஒரு கணக்கு: 50,000 டாலர் கடன், 7 சதவீத வட்டி. ஐந்து வருடம் என்றால் மாதம் 990 டாலர். ஏழு வருடம் என்றால் 755. ‘மாதம் 235 மிச்சம்’ என்று அவர் சொன்னதும் தலையாட்டுங்கள். அந்த ஏழு வருடத்தில் கூடுதலாகக் கட்டும் வட்டி கிட்டத்தட்ட 4,000 டாலர். ஆறாயிரம் தள்ளுபடியில் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிப் போகிறது. நீங்கள்தான் மாதாமாதம் கொண்டுபோய் விடுகிறீர்கள்.

சில நேரம் கம்பெனியே பழைய மாடலுக்குக் குறைந்த வட்டி அல்லது ரொக்கத் தள்ளுபடி, இரண்டில் ஒன்று என்று தருவதுண்டு. எது லாபம் என்று கால்குலேட்டரில் தட்டினால் இரண்டே நிமிடத்தில் தெரியும். உங்கள் போனில் சார்ஜ் இருக்காது.

7. இன்சூரன்ஸ் விசாரணை கையெழுத்துக்குப் பிறகு

யானை வாங்கியாகிவிட்டது, இனி அங்குசத்துக்கு அலையலாம். அமெரிக்காவில் திருட்டு இழப்புகளைக் கணக்கிடும் ஹெச்.எல்.டி.ஐ. என்ற அமைப்பு, 2020 முதல் 2022 வரையிலான மாடல்களை ஆராய்ந்து ஒரு பட்டியல் வெளியிட்டது. பழைய சார்ஜரின் ஹெல்கேட் வகைக்கு வந்த திருட்டு இழப்பீட்டுக் கோரிக்கைகள் சராசரியைப் போல 60 மடங்குக்கு மேல். சாலஞ்சர் அதே ஆலையில் பிறந்த தம்பி. ஆக, உங்கள் ரசனையோடு ஒத்துப்போகிறவர்கள் நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் தவணை கட்டுவதில்லை.

மின்காரை எடுப்பவருக்கும் பாடம் உண்டு. வீட்டில் சார்ஜர் மாட்ட மின்சாரப் பலகை தாங்குமா, அடுக்குமாடிச் சங்கம் விடுமா என்பதைக் கார் வாசலுக்கு வந்தபிறகு கேளுங்கள்.

8. இன்னும் கொஞ்சம் காத்திருங்கள்

காத்திருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 2025 மே மாதம், டேடோனாவின் விலை குறைந்த ஆர்/டி மின்கார் 2026 மாடலில் இருக்காது என்று தெரியவந்தது. எதிர்காலம் என்று அந்த ஆர்/டியை வாங்கியவருக்கு அது, முதல் சர்வீஸ் முடிவதற்குள் ‘நிறுத்தப்பட்ட மாடல்’ ஆனது. அதே உடம்பில் பெட்ரோலில் ஓடும் ஆறு சிலிண்டர் சிக்ஸ்பேக் வந்தது, 420 மற்றும் 550 குதிரைத்திறனில். 2025 ஜூனில் இன்னொரு செய்தி: அதே குடும்பத்து ராம் டிரக்கில் விடைகொடுத்து அனுப்பிய ஹெமி வி8, 2026 மாடலில் திரும்பி வருகிறது. கடைசி ரவுண்டு குடித்துத் தள்ளாடி வெளியே வந்தவர் திரும்பிப் பார்த்தால், கடையில் விளக்கு எரிகிறது.

சாலஞ்சர்காரர் ‘கடைசி’யை வாங்கினார். டேடோனாகாரர் ‘முதல்’ஐ வாங்கினார். இருவருக்கும் ஏழு வருடத் தவணை இருக்கிறது.

அடுத்த வகுப்பு: நிறுத்தப்பட்ட மின்காரைத் தள்ளுபடியில் வாங்குவது எப்படி? பேனா கொண்டுவர வேண்டாம். அது டீலரிடம் இருக்கிறது.