முற்றத்துக் காற்று

1984-இல் நான் ஆவுடையார்கோவிலுக்குக் குமாஸ்தாவாக வந்து சேர்ந்தபோது எங்கள் அலுவலகம் ஒரு வாடகை ஓட்டு வீட்டில் இருந்தது. உங்களில் பலரும் அப்படியொரு வீட்டில் வேலை பார்த்திருப்பீர்கள்: நடுவில் முற்றம், நான்கு பக்கமும் தாழ்வாரம், மழை வந்தால் கோப்புக் கட்டுகளை வாரிக்கொண்டு உள்ளே ஓட்டம், வெயில் நாளில் முற்றத்தில் இறங்கும் காற்று காகிதங்களைக் கிளப்பிவிடும் என்பதால் ஒவ்வொரு மேசையிலும் ஒரு கருங்கல் சில்லு. காற்றடிக்காத ஆபீசில் உட்கார வேண்டுமென்று அன்றைக்கு நான் ஆசைப்பட்டேன்.

வாசலில் மண்பானை, அதன்மேல் ஒரே ஒரு பித்தளைத் தம்ளர். "அண்ணாந்து குடிங்க தம்பி" என்று பெரிய குமாஸ்தா சொல்லித் தந்தார். ஆனால் காய்ச்சல் என்றால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வருவதுதான் அவருக்கும் பெருமை, எனக்கும் பெருமை; அதற்குக் கடமை என்று பெயர்.

நினைத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாததையும் மதிக்க வேண்டும் என்ற பாடம் இந்த ஊருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இங்கே கோவிலில் ஆத்மநாதராகிய சிவனுக்கு உருவம் இல்லை, ஆவுடை என்ற பீடம் மட்டும்தான். படைகல்லில் கொட்டிய புழுங்கலரிசிச் சோற்றிலிருந்து எழும் ஆவியே நிவேதனம். கையில் பிடிக்க முடியாத ஒன்றை நாள்தோறும் மதித்த ஊரில், நாலு பேர் சேர்ந்து விடும் மூச்சை நாங்கள் ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

பிறகு புதுக் கட்டடம் வந்தது. கண்ணாடித் தடுப்பு, ஏசி, திறக்கவே முடியாத ஜன்னல். மேசைக் கற்கள் குப்பைக்குப் போயின. எனக்கு அன்று அத்தனை சந்தோஷம்.

2020 வந்தது, கூடவே கொரோனாவும். மே 18 முதல் அரசு அலுவலகங்களில் பாதிப் பாதிப் பேராக முறைவைத்து, சனிக்கிழமையும் சேர்த்து வேலை. அந்த மாதமே ஓய்வு வயது 58-லிருந்து 59 ஆனது, அடுத்த ஆண்டு 60. வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய நான் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தேன். கொரோனா காற்றில் பரவுவதில்லை என்று 2020 மார்ச்சில் சொன்ன உலக சுகாதார நிறுவனம், காற்றோட்டமில்லாத அறைகளில் அது காற்றிலும் பரவும் என்று அடுத்த ஆண்டு தெளிவாக எழுதியது. அதுவரை நாங்கள் அடைத்த அறைக்குள் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தோம். இரண்டாம் அலையில், விடுப்பெல்லாம் தீர்ந்துபோனதால் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வந்த பக்கத்து மேசை நண்பர் பிறகு திரும்பவேயில்லை. அதற்கப்புறம்தான் ஆசாரியை அழைத்து ஒரு ஜன்னல் கண்ணாடியைக் கழற்றினோம். உள்ளே வந்த முதல் காற்றில் அந்த நண்பரின் மேசைக் காகிதங்கள் பறந்தன.

2023 மே 5-இல் கொரோனாவுக்கான உலக சுகாதார அவசரநிலை முடிந்தது. இப்போது போய்ப் பார்த்தால் வாசலில் வைத்த கைகழுவும் குழாயில் தண்ணீர் இல்லை, கழற்றிய கண்ணாடியும் பழைய இடத்தில் இருக்கிறது. அடுத்த கொள்ளைநோய் வரும்முன் செய்ய வேண்டியவை பெரிய செலவுமில்லை: திறக்கிற ஜன்னல், வற்றாத குழாய், காய்ச்சல்காரருக்குச் சம்பளம் பிடிக்காத விடுப்பு, ஒரு பாதி படுத்தால் மறு பாதி நடத்தும் அந்த முறையை எழுதிவைத்த ஒரு கோப்பு.

போன வாரம் அங்கிருக்கும் இளைஞரிடம் ஒரு கருங்கல் சில்லைக் கொடுத்தேன்.

"இது எதுக்கு சார்?"

"ஜன்னலைத் திறந்தா வேண்டியிருக்கும் தம்பி."