கைபடாத கார்டுக்கே முதல் மார்க்

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட பழைய கார்டுகளைச் சேர்ப்பவரிடம் “உங்களிடம் யார் இருக்கிறார்?” என்று கேட்காதீர்கள், “எத்தனை மார்க்?” என்று கேளுங்கள். நட்சத்திர ஆட்டக்காரர் மிக்கி மேன்டில் இருக்கிறார் என்பது செய்தியே அல்ல. அவர் எட்டா, ஒன்பதா என்பதுதான் செய்தி. நியூ ஜெர்சியில் பக்கத்து வீட்டுப் பெரியவரின் சகவாசத்தால் எனக்கும் இந்தப் பித்து பிடித்தது. இப்போதெல்லாம் கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட முகூர்த்த நேரத்தைப் பார்ப்பதற்கு முன் நான்கு மூலைகளும் கூராக இருக்கின்றனவா என்றுதான் பார்க்கிறேன்.

கார்டைப் பணம் கட்டி கிரேடிங் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் சென்டரிங், மூலை, விளிம்பு, மேற்பரப்பு என்று நான்கையும் பூதக்கண்ணாடி வைத்துத் துருவிப் பார்த்து, பத்துக்கு மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். ஒன்பது வந்தால் சந்தோஷம்தானே என்பீர்கள். கணக்கில் 99 வாங்கி வந்த பிள்ளையிடம் “அந்த ஒரு மார்க் எங்கேடா?” என்று கேட்கும் அப்பாக்கள் உண்டல்லவா, இந்தச் சந்தை முழுக்க அவர்கள்தான். ஒன்பதுக்கும் பத்துக்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் மயிரிழை. விலை வித்தியாசத்தில் சில சமயம் வீடே வாங்கலாம்.

பழைய கார்டு பத்து வாங்குவது ஏன் அபூர்வம்? அது பையன்களுக்காகச் செய்யப்பட்ட பொருள். 1950களில் டாப்ஸ் நிறுவனம் அதைப் பபிள்கம்மோடு சேர்த்துச் சில்லறைக் காசுக்கு விற்றது. பிரிப்பதற்கு முன்பே கம் கறை, மெழுகுத்தாள் கறை. பிரித்த பிறகு ரப்பர் பேண்ட் போட்டு இறுக்குவார்கள். சுவரோரம் வீசிப் பந்தயம் கட்டுவார்கள். சைக்கிள் சக்கரத்தில் துணிக் கிளிப்பால் மாட்டி மோட்டார் சைக்கிள் சத்தம் எழுப்புவார்கள். ஆட்டக்காரர் அணி மாறினால் பேனாவை எடுத்துத் திருத்தமும் செய்வார்கள். மிஞ்சியதை, பையன் வெளியூர் போனதும் அம்மா குப்பையில் போடுவார். இத்தனைக்கும் தப்பினாலும் அச்சகம் விடாது. தாளை வெட்டும்போது படம் ஒரு பக்கம் ஒதுங்கி, முன்பக்க ஓரங்களின் விகிதம் சுமார் 55:45ஐத் தாண்டினால் பத்து போச்சு. வெட்டியவர் தூங்கினார், தண்டனை கார்டுக்கு.

ஆகவே, எந்தப் பையனுக்கும் பயன்படாமல் கிடந்த கார்டுதான் நன்றாகத் தேறும். ஆலன் ரோசன் என்ற வியாபாரிக்கு 1980களில் கைபடாத 1952 டாப்ஸ் கார்டுகள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. அதிலிருந்து வந்த மேன்டில் 1991ல் 50,000 டாலருக்குப் போனது; 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலர். அதற்கும் கிரேடு 9.5தான். அந்த அரை மார்க் எங்கே என்று யாராவது கேட்டிருப்பார்கள்! அதே 1952 தொகுதியில் விற்காமல் தேங்கியவற்றை 1960ல் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக அதை உருவாக்கிய சை பெர்கரே சொல்லியிருக்கிறார். மீன்களிடம் எத்தனை பத்து போய்ச் சேர்ந்தனவோ!

என்னிடம் இருப்பது 1971 டாப்ஸ் வரிசையில் வந்த ஆட்டக்காரர் ராபர்ட்டோ கிளமென்ட்டேயின் கார்டு. அந்த வருடக் கார்டுகளுக்கு ஓரம் முழுக்கக் கறுப்பு. நகம் பட்டால் போதும், உள்ளிருக்கும் வெள்ளை பல்லைக் காட்டும். நான் ஏழு எதிர்பார்த்தேன்; ஐந்து வந்தது. “என்னங்க, கறுப்பு மார்க்கரால லேசா தீட்டிட்டா ஆச்சு. இதுக்கா ரெண்டு நாளா சாப்பிடாம இருக்கீங்க?” என்றாள் மனைவி. எனக்குக் குலை நடுங்கியது. மை தொட்டாலும் ஓரம் சீவினாலும் மார்க்கே கிடையாது. ‘மாற்றப்பட்டது’ என்று முத்திரை குத்திவிடுவார்கள்.

கண்டுபிடித்தால்தான் அதுவும். 1991ல் தொடங்கிய பிஎஸ்ஏ என்ற கிரேடிங் நிறுவனம் முதன்முதலில் கிரேடு செய்தது, நூறாண்டுக்கும் முந்தைய சிகரெட் பெட்டிக் கார்டான ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் கார்டை. ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி ஒரு கூட்டாளியோடு 4,51,000 டாலர் கொடுத்து வாங்கியது. கிரேடு எட்டு. 2013ல் பில் மாஸ்ட்ரோ என்ற ஏல வியாபாரி, அதன் ஓரத்தை வெட்டியது தான்தான் என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். முதல் பரீட்சையில் முதல் மாணவனே பிட் அடித்திருக்கிறான்!

நேர்மையானவர்களுக்கும் ஒரு வழி உண்டு: மறுமதிப்பீடு. பெட்டியை உடைத்துக் கார்டை எடுத்து மறுபடியும் அனுப்புவது. அதே கார்டுக்குச் சில சமயம் கூடுதலாக விழும், சில சமயம் குறையும். பக்கத்து வீட்டுப் பெரியவர் இதை லாட்டரிச் சீட்டுபோல் ஆடுகிறார்.

உங்கள் கைக்குப் பழைய கார்டு வந்தால் துடைக்காதீர்கள், சீவாதீர்கள், ரப்பர் பேண்ட் பக்கமே போகாதீர்கள். விற்பதாக இருந்தால் கிரேடுக்கு அனுப்புங்கள். வைத்துக்கொள்வதாக இருந்தால் ஐந்தே வாங்குங்கள். பத்தின் விலையில் சிறு துளிக்கு அதே கிளமென்ட்டே, அதே முகத்தோடு கிடைப்பார்.