கட்டுரைக் கணக்கும் கண்ணாடியும்

கேள்வி: மூளை ஆய்வாளர் வி.எஸ்.ராமச்சந்திரன் கட்டுரைகளை எழுதிக் குவித்ததால்தான் பெரிய ஆளா?
– கல்லூரி மாணவி, தங்காக், ஜொகூர்

பதில்: உங்கள் ஊர்த் துணிக்கடையில் அடுக்கியிருக்கும் சேலையா கணக்கு? விற்றதுதானம்மா! ஆய்வுலகிலும் அப்படித்தான்; அதற்கு 'எச்-குறியீடு' உண்டு. 40 கட்டுரைகள், ஒவ்வொன்றும் 40 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டால் குறியீடு 40. 2005இல் இதை வகுத்த ஹிர்ஷும் ராமச்சந்திரனின் கலிபோர்னியா பல்கலைக்கழக சான் டியாகோ வளாகத்துக்காரர்தான்.

சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்தபோதே, 1972இல், ராமச்சந்திரன் 'நேச்சர்' இதழில் எழுதிவிட்டார். ஆனாலும் நான் வணங்குவது ஒரு கண்ணாடிக்காக. கை இழந்தவர்கள் பலருக்கு, இல்லாத கை வலிக்கும். சிலருக்கு விரல்கள் இறுக்கி மூடியே கிடப்பதுபோல் இருக்கும். நடுவில் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே விரிக்கச் சொன்னார். சிலருக்கு இல்லாத விரல்களும் விரிந்தன! பக்கவாதத்தில் கை முடங்கியவர்களுக்கும் இன்று அதே கண்ணாடிப் பயிற்சி தரப்படுகிறது.