கூரையடி அறையியல்: ஆயத்தக் காலம் பற்றிய ஓர் ஆய்வு

லண்டனின் ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றை லொஃப்டுக்கு (கூரையடி அறைக்கு) முந்திய காலம், பிந்திய காலம் என இரண்டாகப் பகுப்பது அறிஞர் மரபு. (அறிஞர் என்பது இங்கே என்னையும் என் மச்சானையும் குறிக்கும்.) இடையில் ஆயத்தக் காலம் என்று ஒன்று கிடப்பதை எவரும் முறையாக ஆராயவில்லை. பல வீடுகளில் அதுதான் நீளமானது.

அக்காலம் அளவுநாடாவோடு பிறக்கிறது. குடும்பத் தலைவர் ஏணியில் ஏறி, முகட்டுக்கும் தரைச் சட்டத்துக்கும் நடுவே நாடாவைப் பிடித்து, "ரெண்டு மீற்றர் நாப்பது!" என்று கூவுவார். கீழே நிற்பவர்கள் மகிழ்வார்கள். இம்மகிழ்ச்சி அறிவியலுக்கு ஒவ்வாதது. புதுத் தளத்தின் சட்டங்கள் கீழிருந்தும் குளிர்காப்புப் பலகை மேலிருந்தும் தின்றது போக மிஞ்சுவதே தலைக்குரிய பங்கு. படிக்கட்டுக்கு மேல் 2 மீற்றர் வேண்டும் என்பது கட்டட விதி. லொஃப்ட் என்றால் இரக்கப்பட்டு நடுவில் 1.9, ஓரத்தில் 1.8 வரை இறங்கி வருவார்கள். ஆறடி மாப்பிள்ளை தேடும் வீடுகள் கவனிக்க.

சட்டத்தை விரைவாகக் கடப்போம். வரிசை வீட்டுக் கூரையை 40 கன மீற்றரும், செமி (ஒருபுறம் ஒட்டிய வீடு), தனி வீடுகளின் கூரையை 50 கன மீற்றரும், சில நிபந்தனைகளோடு, திட்ட அனுமதி கேளாமலே பெருப்பிக்கலாம். தெருப்பக்கச் சரிவில் புடைக்கக் கூடாது. ஃபிளாட்காரருக்கு இச்சலுகை இல்லை. கூரைக்குள் வௌவால் குடியிருந்தால் உரிமம் இல்லாமல் அதன் இருப்பிடத்தில் கைவைக்க முடியாது. வாடகை தராமல் இவ்வளவு பாதுகாப்போடு லண்டனில் வாழும் உயிர் வேறில்லை.

பொதுச்சுவரில் இரும்பு உத்தரம் செருகுவதானால், 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி அயலவருக்கு 2 மாதம் முன்னரே அறிவித்தல் கொடுக்க வேண்டும். 14 நாளில் எழுத்தில் சம்மதம் வராவிட்டால் அது தகராறு என்றே கொள்ளப்படும். சர்வேயர் கூலி பெரும்பாலும் நம் தலையில் விழும். ஆகவே தமிழ் வீடுகளில் அக்கடிதம் ஒரு தட்டு ரோல்ஸோடு போகிறது. மரக்கறியா மட்டனா என்பதில் சட்டம் மௌனம்.

இனி மையச் சிக்கல். கழிவுக்குழாய் இறங்கும் இடத்துக்கு நேர் மேலே குளியலறையை வரைவது வரைபடக்காரரின் தர்மம். அக்குழாயை ஒட்டிய சின்ன அறையைச் சாமியறையாக்குவது எங்கள் தர்மம். மாமி வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்தபடியே கண்டுபிடித்தார்: "பிள்ளையாற்றை தலைக்கு மேலையோ கக்கூஸ்?"

பொறியியலில் இதற்குப் பதில் இல்லை. ஆய்வுலகம் குழாய்வாதிகள், பிள்ளையார்வாதிகள் எனப் பிளந்தது. குழாயைத் தள்ளிப் போட்டால் சரிவு கிடைக்காது, செலவு ஏறும் என்பது முதற்கட்சி. பிள்ளையாரைக் கீழ்த்தளத்துக்கு இறக்கலாம் என்றால் அங்கே கிடைப்பது படிக்குக் கீழுள்ள பொந்து. வீடே அவர் தலையில் மிதித்து ஏறும். லொஃப்டுக்கே ஏற்றிவிடலாம் என்ற மூன்றாம் கட்சியை மாமியின் முழங்கால் தோற்கடித்தது. அத்துடன், லொஃப்ட் போட்ட வீட்டில் ஒரு தளத்துப் புகை அலாரம் அடித்தால் மற்றத் தளங்களிலும் சேர்ந்து அடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை இவ்விதி எண்ணிப் பார்க்கவில்லை.

கடைசிப் பணி, இருப்பதைக் காலி செய்வது. திருமணப் பரிசாக வந்து பெட்டி பிரியாத ரைஸ் குக்கர், கைப்பிடி போன சூட்கேஸ், படக் கசெட்டுகள் எல்லாம் கராஜுக்குப் போகும். கராஜில் இருந்தவை தோட்டத்துக் கொட்டிலுக்குப் போகும். எதுவும் வீட்டெல்லையைத் தாண்டுவதில்லை. மகளின் அரங்கேற்ற மலர் மட்டும் எங்கும் போகாது. விருந்தினர் எண்ணிக்கையை மீறி அச்சிட்ட பெட்டிகள் அவை. பளபளக்கும் அட்டையில் அரைமண்டியில் நிற்கும் பிள்ளையை மீள்சுழற்சித் தொட்டியில் போட எந்தத் தகப்பனுக்குக் கை வரும்?

இப்போது வரைபடத்தின் நான்காம் திருத்தத்தில், கூரைச் சரிவோரம் நீள அலமாரி ஒன்று சேர்ந்திருக்கிறது. மலர்ப் பெட்டிகள் அதில் கொள்ளும். சூட்கேஸ் குறித்துப் பேச்சுவார்த்தை நடக்கிறது.