அடி தாங்கினால் ஆட்டம் நம் பக்கம்

இந்த வாரம் நீலகிரி மலையிலிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் போக்கிமான் சண்டை பற்றியவை. அதிலும் எல்லோருக்கும் ஒரே கவலை: அடிப்பது எப்படி என்பது தெரிகிறது, அடி தாங்குவது எப்படி? கேட்டவர்கள் அத்தனை பேரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துப் பரிமாறிவிடுகிறேன்.

அரவேனு, கல்லூரி மாணவர்: சட்டென்று அடித்து முடிக்காமல் தடுத்துக்கொண்டே இருப்பது பயந்தாங்கொள்ளி ஆட்டம் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். உண்மையா?

தேயிலைத் தோட்டத்துக்குள் காட்டெருமை வந்து நின்றால் என்ன நடக்கிறது? அது யாரையும் முட்ட வேண்டியதில்லை. சும்மா நின்றாலே போதும்; கொழுந்து பறிப்பவர்கள் ஒதுங்கிக் காத்திருக்கிறார்கள். அதைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொல்வார்களா?

ஒன்று மட்டும் கவனியுங்கள். நீங்கள் நிற்கும்போது உங்கள் பக்கம் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எதிரிக்கு டாக்ஸிக் விஷம் ஏற்றிவிட்டால், முதல் சுற்றில் அதன் முழு எச்.பி.யில், அதாவது உயிர்ப் புள்ளிகளில், 16-ல் 1 பங்கு போகும். அடுத்த சுற்றில் 2 பங்கு, அதற்கடுத்து 3. ஐந்து சுற்று முடிந்தால் 16-ல் 15 பங்கு காலி; ஆறாவதன் முடிவில் அது விழுந்தாக வேண்டும். அதே நேரத்தில் உங்கள் ஆளின் கையில் 'லெஃப்ட்ஓவர்ஸ்' என்ற பொருள் இருந்தால் சுற்றுக்கு 16-ல் 1 பங்கு திரும்ப ஏறும். எதிரி ஆளை மாற்றி மீண்டும் இறக்கினால் விஷக் கணக்கு 1-லிருந்து தொடங்கும் என்பதையும் மறக்காதீர்கள். தடுப்பாட்டம் என்பது நேரம் சம்பாதிக்கும் தொழில். சம்பாதித்ததை எதில் செலவிடுவது என்று தெரியாதவருக்குத்தான் அது வெட்டிப் பொழுது.

கீழ் கோத்தகிரி, பிளஸ் டூ மாணவி: பயிற்சிப் புள்ளிகளை எச்.பி.யில் போடுவதா, டிஃபன்ஸில் போடுவதா?

எது குறைவாக இருக்கிறதோ அதில் போடுங்கள் தங்கச்சி. ஓர் ஆள் எத்தனை அடி தாங்கும் என்பது எச்.பி.யையும் டிஃபன்ஸையும் பெருக்கினால் வருகிற விஷயம். பெருக்கலில் சின்ன எண்ணை வளர்த்தால்தான் விடை வேகமாக வளரும்.

பிளிஸி என்ற போக்கிமானை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை எச்.பி. 255, டிஃபன்ஸ் வெறும் 10. மொத்தம் 510 பயிற்சிப் புள்ளிகள். ஒரு குணத்துக்கு 252-தான் உச்சம். 100-ஆம் நிலையில் 4 புள்ளிக்கு ஒரு மதிப்பு ஏறும். பிறவிக்குணம் முழுசாக உள்ள பிளிஸிக்கு 252-ஐயும் எச்.பி.யில் கொட்டினால் 651 என்பது 714 ஆகும்; நூற்றுக்குப் பத்துகூடக் கூடவில்லை. அதே 252-ஐ டிஃபன்ஸில் போட்டால் 56 என்பது 119 ஆகும். இரண்டு மடங்குக்கும் மேல்! கணக்கு வாத்தியார் பெருமைப்படுவார்.

நெடுகுளா, ஐ.டி.ஐ. மாணவர்: எல்லா அடியையும் தாங்கும் ஒரே சுவர் இருக்கிறதா?

நம் ஊரையே பாருங்கள். தென்மேற்குப் பருவமழை கோத்தகிரியை அவ்வளவாக வதைப்பதில்லை. மேற்கே 2,637 மீட்டர் உயரத்தில் நிற்கும் தொட்டபெட்டாவும் அதன் மலைத்தொடரும் அந்த அடியை முன்னால் நின்று வாங்கிக்கொள்கின்றன. ஆனால் வடகிழக்குப் பருவமழை வரும் பக்கத்தில் நமக்கு அந்த மறைப்பு இல்லை. 2009 நவம்பரில் பெய்த மழையும் மண்சரிவும் நீலகிரியில் பெரியவர்கள் யாருக்கும் மறக்காது. மலையே ஆனாலும் ஒரு பக்கத்தைத்தான் காக்கும்.

அதனால்தான் சுவர்களை ஜோடியாகக் கட்டுகிறார்கள். 1999-ல் ஜப்பானில் வந்த கோல்டு, சில்வர் விளையாட்டுகள் தந்த ஸ்கார்மரியும் பிளிஸியும் இதற்குப் பழைய, புகழ்பெற்ற உதாரணம். ஸ்கார்மரி எஃகுப் பறவை, டிஃபன்ஸ் 140. குத்து, கடி, மோதல் எல்லாம் அதன் பொறுப்பு. தீயும் மின்சாரமும் தூரத்திலிருந்து வந்தால் அது தள்ளாடும்; அப்போது ஸ்பெஷல் டிஃபன்ஸ் 135 உள்ள பிளிஸி உள்ளே வரும். முஷ்டியோடு யாராவது பிளிஸியை நெருங்கினால் ஸ்கார்மரி திரும்ப வரும். ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொள்வது. அணி எழுத உட்காரும்போது முதல் கேள்வியே, "இவனுக்கு எந்தப் பக்கம் வடகிழக்கு?" என்பதாக இருக்கட்டும். அந்தப் பக்கத்துக்கு இரண்டாம் ஆளைத் தேடுங்கள்.

கோத்தகிரி, ஏழாம் வகுப்பு மாணவன்: எனக்குப் பிக்காச்சுதான் பிடிக்கும். அதைச் சுவராக்கலாமா?

எச்.பி. 35, டிஃபன்ஸ் 40. அதைச் சுவராக்குவது அப்பளத்தில் வீடு கட்டுவது மாதிரி கண்ணா. ஆனால் உனக்காகவே ஒரு கதை இருக்கிறது.

2014-ல் வாஷிங்டனில் நடந்த போக்கிமான் உலகப் போட்டி. இருவர் இருவராக இறங்கி மோதும் ஆட்டம். டிராகன்களும் பெரிய பெரிய மிருகங்களும் நிறைந்த களத்தில் தென்கொரியாவின் செ ஜுன் பார்க் ஓர் அணிலைக் கொண்டுவந்தார். பெயர் பச்சிரிசு. பிக்காச்சு மாதிரியே கன்னத்தில் மின்சாரம் வைத்திருக்கும் சின்ன உயிர். அவர் அணியில் கியாரடோஸ் என்ற பெரும்பாம்பு ஒன்றும் இருந்தது. கியாரடோஸ் நீரும் பறத்தலும் சேர்ந்த இனம். மின்சாரம் பட்டால் நான்கு மடங்கு சேதம். இங்கேதான் அணில் வேலை செய்தது. 'ஃபாலோ மீ' என்ற உத்தியால் எதிரியின் அடியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வந்தது மின்சாரமாக இருந்தால், 'வோல்ட் அப்சார்ப்' என்ற பிறவித்திறனால் காயத்துக்குப் பதில் 4-ல் 1 பங்கு எச்.பி. ஏறும்! பார்க் உலகச் சாம்பியன் ஆனார்.

அணிலின் உடம்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை அவர். தன் அணியில் எந்த இடம் ஓட்டையோ, அந்த ஓட்டையின் அளவுக்கு ஆள் தேடினார். சின்ன ஆள்கள் மேல் உனக்கு இருக்கும் பிரியத்தை விட்டுவிடாதே.

சோலூர்மட்டம், சிறு தேயிலை விவசாயி: மகனோடு சேர்ந்து ஆடுகிறேன். 'ரிகவர்' எப்போது போட வேண்டும் என்று பிடிபடவே இல்லை.

கவாத்து எப்போது செய்வது என்று தெரிந்த கைக்கு இது கஷ்டமே இல்லை ஐயா. கவாத்து செய்த செடி சில மாதம் கொழுந்து தராது. ஆனால் செய்யாமல் விட்டால் தோட்டம் கிழமாகிவிடும். ரிகவரும் அப்படித்தான். பாதி எச்.பி. திரும்பும்; விலையாக ஒரு சுற்று போகும். எதிரி ஒரு சுற்றில் பாதிக்கு மேல் அடிக்கிறான் என்றால் ரிகவர் ஓட்டைக் குடத்தில் ஊற்றும் தண்ணீர். உடனே ஆளை மாற்றுங்கள். பாதிக்குக் கீழே அடிக்கிறான் என்றால் பதறாமல் போடுங்கள். 2022-ல் வந்த ஸ்கார்லெட், வயலட்டில் ரிகவரை எத்தனை முறை போடலாம் என்ற அடிப்படை எண்ணிக்கையை 10-லிருந்து 5 ஆகக் குறைத்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொன்றும் கணக்குப் பார்த்துச் செலவிட வேண்டிய காசு.

குன்னூர், வாசகர்: முள்ளம்பன்றி மாதிரி ஒரு தடுப்பாளர் உண்டா?

ஃபெரோதார்ன்! தொட்டு அடிப்பவருக்கு அதன் இரும்பு முள்ளால் 8-ல் 1 பங்கு போகும். கையில் 'ராக்கி ஹெல்மெட்'டும் கொடுத்தால் கூடுதலாக 6-ல் 1 பங்கு. கூட்டினால் 24-ல் 7. நான்கு முறை தொட்டவன் தானே விழுவான். தீயை மட்டும் அருகில் விடாதீர்கள். நான்கு மடங்கு சேதம்.

கோடநாடு, ஓட்டுநர்: நான் கட்டிய சுவர் அணி, கேலி செய்கிற ஒரே ஒரு எதிரியிடம் மண்ணைக் கவ்வுகிறது. ஏன்?

அந்தக் கேலிக்கு 'டாண்ட்' என்று பெயர். அது விழுந்தால் மூன்று சுற்றுக்கு நீங்கள் குணமாக்கவும் முடியாது, விஷம் வைக்கவும் முடியாது. அடிக்க மட்டுமே முடியும். அடியே இல்லாத சுவர் அப்போது வேடிக்கை பார்க்கும். எதிரியும் அந்த நேரத்தில் நிதானமாக 'ஸ்வார்ட்ஸ் டான்ஸ்' ஆடித் தன் பலத்தை இரட்டிப்பாக்கிக்கொள்வான். ஆகவே எந்தச் சுவருக்கும் ஓர் அடியாவது கற்றுக்கொடுங்கள். பலமே இல்லாத பிளிஸிக்கும் 'சைஸ்மிக் டாஸ்' இருக்கிறது. நிலை எண் எவ்வளவோ அவ்வளவு சேதம், கூடவும் குறையவும் செய்யாது.

மலைப்பாதை ஓட்டுபவருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வழியில் கல். எதிரி 'ஸ்டெல்த் ராக்' பரப்பிவிட்டால் ஒவ்வொரு முறை ஆள் மாற்றும்போதும் சாதாரணமாக 8-ல் 1 பங்கு போகும். மாற்றி மாற்றித் தடுப்பவருக்குத்தான் இதில் நஷ்டம் அதிகம். கல்லைக் கூட்டிப் பெருக்க ஓர் ஆளை அணியில் கட்டாயம் வையுங்கள்.

ஊட்டி, கைப்பேசியில் ஆடுபவர்: போக்கிமான் கோ-வில் தாக்குதல் பூஜ்யம் உள்ளதை நண்பர் பொக்கிஷம் என்கிறார். விளையாடுகிறாரா?

உண்மையைத்தான் சொல்கிறார். கிரேட் லீக்கில் சி.பி., அதாவது சண்டைப் பலம், 1500-க்கு மேல் போகக்கூடாது. சி.பி. கணக்கில் தாக்குதல் முழுசாகப் பெருக்கப்படும். தடுப்பும் உயிரும் வர்க்கமூலமாகத்தான் சேரும். தாக்குதல் குறைந்தால் அதே 1500-க்குள் இன்னும் சில நிலை ஏற்றலாம். மொத்தத்தில் உடம்பு கெட்டியாகும். அதனால் பலவற்றுக்குப் பிறவிக்குணம் தாக்குதல், தடுப்பு, உயிர் என்ற வரிசையில் 0-15-15 இருப்பது பொன் மாதிரி. முழுசாக வளர்த்தாலும் 1500-ஐத் தொடாத இனத்துக்கு மட்டும் 15-15-15 தேடுங்கள்.

சாயங்காலம் இருட்டிய பிறகு கைப்பேசியைப் பார்த்தபடி தோட்டப் பாதையில் நடக்காதீர்கள். விளையாட்டில் வரும் கரடிக்கு முன்னால் யோசிக்க நேரம் தருவார்கள். நம் ஊர்க் கரடி தராது.

கட்டபெட்டு, இல்லத்தரசி: பையன் இதிலேயே மூழ்கிக் கிடக்கிறான். இதனால் ஏதாவது பயன் உண்டா?

இன்று ராத்திரி சாப்பிடும்போது, "அந்த விஷம் எத்தனை சுற்றில் ஆளைச் சாய்க்கும்?" என்று கேளுங்கள் அம்மா. 16-ல் 1, 2, 3 என்று மூச்சுவிடாமல் சொல்வான். பின்னக் கணக்கு, நிகழ்தகவு, எதிரியின் மனசைப் படிப்பது எல்லாம் அதில் இருக்கிறது. நேரத்துக்கு ஓர் எல்லை போடுங்கள். அதை அவனோடு பேசியே முடிவு செய்யுங்கள். அவன் உலகத்தின் வார்த்தை உங்கள் வாயில் வந்த பிறகு, உங்கள் வார்த்தைக்கு அவன் காது திறக்கும்.

கண்ணேரிமுக்கு, பட்டதாரி இளைஞர்: தொடர்ந்து தோற்கிறேன். விட்டுவிடலாமா?

இன்னும் பத்து ஆட்டம் ஆடுங்கள். ஒவ்வொரு தோல்விக்கும் நோட்டில் ஒரே வரி எழுதுங்கள்: எந்தச் சுவர், எந்த அடியில், எத்தனையாவது சுற்றில் விழுந்தது. பத்து வரியில் ஒரே அடி மூன்று முறை வந்தால் ஓட்டை அங்கேதான். அணி முழுவதையும் கலைக்காமல் அந்த ஓர் ஆளை மட்டும் மாற்றுங்கள்.

நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு லாங்வுட் சோலைப் பக்கம் போய்வாருங்கள். சுமார் 116 ஹெக்டேர்தான். பெரிய காடு என்று சொல்ல முடியாது. கொட்டுகிற மழையை இலையிலும் மண்ணிலும் வாங்கி வைத்துக்கொண்டு, கீழே உள்ள ஊர்களுக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடுகிறது. அந்த அணில் மின்சாரத்தை வாங்கிக்கொண்டது போலத்தான். அங்கே உட்கார்ந்து பத்து வரியையும் ஒருமுறை படியுங்கள். பதினோராவது ஆட்டத்தின் அணியோடு திரும்பி வருவீர்கள்.