இரண்டு ராணிகள்

கே: அரசியலில் கோலோச்சிய பெண்களைப் பற்றிய நாடகங்களில் உங்களைக் கவர்ந்தது எது?

ப: ஷில்லரின் 'மரியா ஸ்டூவர்ட்'. 1800-ல் வைமரில் அரங்கேறியது. இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத், ஸ்காட்லாந்தின் மேரியை ஏறக்குறைய 19 ஆண்டுகள் காவலில் வைத்திருந்தார். ஒருநாள்கூட நேரில் பார்த்ததில்லை. ஷில்லரோ மூன்றாம் அங்கத்தில் இருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டார்! நடக்காத அந்தச் சந்திப்புதான் நாடகத்தின் உயிர். நடந்ததும் லேசுப்பட்டதல்ல: 1587-ல் மேரியின் மரண உத்தரவில் கையெழுத்திட்டது ராணி, சிறைக்குப் போனது அவருடைய செயலாளர் டேவிசன்!

2016-ல் லண்டன் அல்மெய்டா அரங்கில் இந்த நாடகம் மேடையேறியபோது, ஒவ்வொரு நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் மேடையிலேயே நாணயம் சுண்டி, யார் எலிசபெத், யார் மேரி என்று முடிவு செய்தார்கள். இரண்டு வேடங்களுக்கும் தயாராக வந்து நின்ற ஜூலியட் ஸ்டீவன்சன், லியா வில்லியம்ஸ் இருவருக்கும் ஒரு பெரிய கும்பிடு.